வைகாசியில் ஒரு மாம்பழம்

பொன்னுரங்கம் தலை நரைத்த சீடர். குருவோ அவரைவிட இருபது வயது இளையவர். எல்லோரும் அவரை அம்மா என்றே அழைப்பார்கள். மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு எப்போது வந்தாலும் பொன்னுரங்கத்தின் கையில் அவருடைய பத்திரிகையின் புது இதழ் இருக்கும். அன்று வெறுங்கையோடு வந்தார்.

"பத்திரிகையை நிறுத்திட்டேம்மா" என்றார்.

ஒரு காலத்தில் அந்த மாத இதழ் இல்லாத சலூன் கிடையாது. வழவழவென்று தாள், கண்ணைப் பறிக்கும் வண்ணம். அட்டையில் தங்கள் படம் வர வேண்டும் என்று நடிகைகளே பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டார்கள். மனிதரும் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தார். பிறகு எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. பளபளப்பெல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கடைக்குப் போன கட்டுகள் பிரிக்காமலே திரும்பி வந்தன.

"அச்சகத்துச் செல்லப்பா விடமாட்டேங்கிறான். ஆடிச் சிறப்பிதழ் ஒண்ணு போட்டுப் பாப்போம், பத்திரிகையைத் தூக்கி நிறுத்திடலாம்ங்கிறான். இன்னிக்குப் பதில் கேட்டுப் போன் பண்ணுவான்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தார்.

"முப்பது வருஷமா அதுதான் எனக்குச் சோறு போட்டுச்சு. நின்னா அழுகை வரும்னு நினைச்சேன். வரலை. நிம்மதியா இருக்கு. நல்லாத் தூங்குறேன். இது நன்றி கெட்டத்தனம் இல்லையாம்மா? அதுக்காகவாவது அவன்கிட்ட சரின்னு சொல்லிடணுமா?"

அம்மா கூடையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

பொன்னுரங்கம் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கறுப்புப் புள்ளி விழுந்த பக்கத்தைப் பின்னால் திருப்பினார்.

"என்ன பண்றீங்க?"

"பழக்கதோஷம். படம் எடுக்கிற ஞாபகம். சித்திரையில வர்ற மாம்பழ இதழுக்கு மாசியிலயே படம் எடுத்தாகணும். அப்ப பழம் எங்க கிடைக்கும்? மெழுகுப் பழத்துக்குச் சாயம் அடிப்போம்."

"இப்ப என்ன மாசம்?"

"ஆடி" என்றார் சட்டென்று.

அம்மா சிரித்துவிட்டார். "வைகாசிங்க."

பொன்னுரங்கத்துக்கு வெட்கமாகப் போயிற்று. "எங்க தொழில்ல எப்பவும் ரெண்டு மாசம் முன்னாலதாம்மா. கார்த்திகை மழையில பொங்கப் பானை வச்சுப் படம் பிடிப்போம். பொங்கல் அன்னிக்குப் பங்குனி இதழ் ஓடிட்டிருக்கும்." குரல் இறங்கியது. "என் மகளுக்குத் தையிலதான் கல்யாணம். தாலி ஏறுற நேரம் அட்சதையைப் போட்டுக்கிட்டே, பங்குனி அட்டைக்கு யாரைப் போடலாம்னு யோசிச்சிட்டிருந்தேன். அப்ப அவ முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

பத்திரிகை நின்றபோது வராத அழுகை இப்போது வந்தது.

"பழத்தைச் சாப்பிடுங்க" என்றார் அம்மா.

பொன்னுரங்கம் தோலைக் கடித்து உரித்தார். சாறு முழங்கை வரை வழிந்தது. சட்டையெல்லாம் கறை. கொட்டையைச் சப்பிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பிசுபிசுத்த விரலாலேயே எடுத்தார்.

"வேணாம்டா செல்லப்பா. நின்னது நின்னதாவே இருக்கட்டும்."

"என்னடா இப்படிச் சொல்றே? ஆடி வந்துட்டிருக்கு."

"வரட்டும். வரும்போது பாத்துக்கலாம்."

போனை வைத்தார். நன்றாக ஒரு மூச்சு விட்டார். முகத்தில் இருந்த நிம்மதியை மறைக்க அவர் முயலவில்லை.

அம்மா எழுந்து, இப்போதுதான் உள்ளே வரும் விருந்தாளியைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வாங்க ஐயா. எப்ப வந்தீங்க?"

பொன்னுரங்கம் காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"இப்பதாம்மா" என்றார்.