லாபம் எழுந்து நின்ற நாள்

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஊரே கதவடைத்துத் தூங்குகிற ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் செண்பகவடிவு என்றொரு பெண் இருந்தாள். அம்பாசமுத்திரத்து அரிசிக் கடையில் பத்து வருஷம் அரிசி அளந்தவள். புருஷனோடு அங்கே போய், ஒரு விடுதிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கே தலைமைச் சமையல்காரி பிலார், அடுப்பைப் பார்த்தபடி நிற்பாள். பின்னால் நிற்பவள் அரிசியை அளந்து பாத்திரத்தில் கொட்டி, எண்ணை ஸ்பானிஷில் உரக்கச் சொல்ல வேண்டும். ஓர் எண் காதில் விழுந்தால் பிலார் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவாள்.

பழகிய வாய் சும்மா இருக்குமா? முதல் படியைக் கொட்டியதும் "லாபம்" என்றாள் செண்பகவடிவு. அரிசி அளக்கும்போது நம்மூரில் யார்தான் ஒன்று என்று ஆரம்பிக்கிறார்கள்? பிலாருக்கு அது எண்ணாகவே படவில்லை. பத்துப் படி அரிசிக்கு ஒன்பது குவளை தண்ணீர்தான் விழுந்தது. முதல் இரண்டு நாளும் சோறு விறைத்துக்கொண்டு நின்றது. இன்று சாயங்காலமும் இப்படியென்றால் வேலைக்கு வர வேண்டாம் என்று பிலார் சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, ஒண்ணுக்கு உனோன்னு ஒரு வார்த்தை சொல்லுததுக்கு என்ன?" என்றான் புருஷன் இசக்கிபாண்டி.

"வெறுங்கையோட சொன்னா வருது. கையில படியப் புடிச்சா லாபம்தான வருது! ஒண்ணுன்னு ஆரம்பிச்சா வெளங்குமா?"

மதியம் கண்கலங்கிப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

தூக்கத்தில் அவள் மனசின் கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே நம்மூர் எண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வாசலில் ஸ்பெயின் எண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றன. "வாங்க, வாங்க" என்று இரண்டு நகர்ந்து தோஸுக்கு இடம் கொடுத்தது. மூன்று, த்ரேஸைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டது. பத்துவரைக்கும் ஜோடி சேர்ந்தாயிற்று.

உனோ மட்டும் நின்றது. முதல் இடத்தில் லாபம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"ஐயா, கொஞ்சம் நகர்ந்தால்..."

"நகர்வதா? நான் இந்த வீட்டு அதிர்ஷ்டம், தம்பி. வெளியே போய் நில்!"

உனோ முற்றத்துக்கு வந்தது. அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நம்முடைய ஒன்றுதான் அது.

"சொந்த வீட்டில் நீங்களுமா?"

"படியைக் கையில் எடுத்தால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். ராசியில்லாதவனாம். அளந்து முடித்ததும் கூப்பிடுவார்கள்."

"கோபம் வரவில்லையா?"

"வந்தது. யாரிடம் போய்ச் சொல்ல?"

"நான் உள்ளே போகாவிட்டால் அவளுக்கு வேலை போய்விடுமே" என்றது உனோ.

ஒன்று விறுவிறுவென்று உள்ளே போய் லாபத்தின் முன்னால் நின்றது.

"எனக்காக ஒருநாளும் கேட்டதில்லை. இவனுக்காகக் கேட்கிறேன். இடம் கொடுங்கள்."

"நான் எழுந்தால் வீடு விளங்குமா?"

"அவள் வேலையில்லாமல் வந்து மூலையில் உட்கார்ந்தால் மட்டும் விளங்குமோ?"

லாபம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குள் அவள் விழித்துவிட்டாள்.

சாயங்காலம் கொப்பரை அடுப்பில் ஏறியது. செண்பகவடிவு முதல் படியைக் கவிழ்த்தாள். குவளையோடு பிலார் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மனசுக்குள்ளே எல்லா எண்களும் லாபத்தையே பார்த்தன. லாபம் அங்குமிங்கும் பார்த்தது. அவள் கையிலிருந்த காலிப் படியையும் பார்த்தது. மெல்ல எழுந்து நின்றது.

"உனோ!"

பாத்திரம் கழுவுகிறவள்கூடத் திரும்பிப் பார்த்தாள். கொப்பரையில் தண்ணீர் விழுந்தது. தோஸ், த்ரேஸ் என்று பத்தாவது தியேஸ்வரைக்கும் தடங்கல் இல்லை. வெந்த பருக்கை ஒன்றை நசுக்கிப் பார்த்த பிலார், "நாளைக்கும் வா" என்றாள். செண்பகவடிவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

லாபம் முற்றத்துக்கு வந்தது. வெளியே நின்று அதற்குப் பழக்கமில்லை. எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தது.

ஒன்று சுவரோரமாக நகர்ந்து கொடுத்தது.

"இப்படி வாருங்கள். வெயில் எங்கே படாதென்று எனக்குத் தெரியும்."