மணி தவறாத பேட்டரி

ஓர் ஊரில் சவரிமுத்து என்றொருவர் இருந்தார். பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப்பிடித்து வாங்கி, புதுப் பாகம் போட்டு ஓடவைப்பதில் அவருக்கு அப்படியொரு பித்து. எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "மணி சரியாக் காட்டுதா?" காட்டினால் மதர்போர்டு நல்லாயிருக்கிறது என்று அர்த்தம். அதன்பின் டிஸ்க் தட்டுக்கு அடியில் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

அவரிடமிருந்த பெட்டிகளில் மிகப் பழையதற்குள், அந்தத் தட்டுக்கு அடியில், ஒரு பேட்டரி இருந்தார். ஈயம் வைத்து மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருந்தார்கள். கரண்ட் இல்லாத நேரத்திலும் மணியை விடாமல் பிடித்திருப்பதுதான் அவர் வேலை. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு நிமிஷம் பிசகியதில்லை.

ஒருநாள் சவரிமுத்து புதிதாக ஒரு ராம் மெமரி சில்லைக் கொண்டுவந்து செருகினார். வந்தவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"என்ன பெருசு, உன் காலடியில பச்சையா இருக்கே?"

பேட்டரி குனிந்து பார்த்தார். களிம்பு! தன் உடம்பிலிருந்து கசிந்த நீர்தான் மதர்போர்டின் செம்புக் கோடுகளைத் தின்றுகொண்டிருந்தது.

"தாயி, எத்தனை நாளா இது?"

"ஒரு வருஷம் இருக்கும்," என்றாள் மதர்போர்டு.

"ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களை வெட்டி எறிஞ்சிருவாரு. எனக்கு எரிச்சல் பழகிப்போச்சு. சும்மா இருங்க."

"நல்லா இருக்கு நியாயம்!" ராம் சீறினான். "இன்னும் ஆறு மாசத்துல அம்மா காலி. கூடவே நாங்களும் குப்பை. யோவ், வாயைத் திறந்து அந்த ஆள்கிட்ட சொல்லுய்யா!"

"எனக்கேதுடா வாய்? எனக்குத் தெரிஞ்ச ஒரே பேச்சு மணி சொல்றதுதான்."

"அதைத் தப்பாச் சொல்லு."

"வாயைக் கழுவுடா!" என்று பாய்ந்தார் பேட்டரி. "போற உசுரு மணியோட போகட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, பார்வை அந்தப் பச்சையை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலையில் மணி பத்து நிமிஷம் பின்னால் இருந்தது.

சவரிமுத்து திரையைப் பார்த்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "இது பொய் சொல்லாது," என்று ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க்கடிகாரத்தைப் பத்து நிமிஷம் பின்னுக்குத் தள்ளினார்!

சற்று நேரத்தில் வாசலிலிருந்து அவர் மனைவி பிலோமினாவின் குரல் வந்தது. "கடிகாரத்துல கைவச்சது யாரு? ஏழரை பஸ் போயிருச்சு! அந்த டப்பாவையே கட்டிக்கிட்டு அழுங்க!"

பேட்டரி மதர்போர்டிடம் சொன்னார்: "இவ்வளவு நம்புறானே, தாயி."

"அப்போ விட்டுருங்க. சரியாவே சொல்லுங்க."

அவர் சரியாகச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் பிடித்திருந்த மணி, நாள், வருஷம் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கைவிட்டார். திரையில் 1980, ஜனவரி 1 என்று வந்தது.

சவரிமுத்து பதறிப்போய்த் தட்டைக் கழற்றினார். பச்சையைப் பார்த்தார்.

"அடப்பாவி! கூடவே இருந்து அரிச்சிருக்கியே. உன்னைப் போயி நம்பினேனே!"

சூட்டுக்கோலை வைத்தார். ஈயம் உருகவில்லை. மதர்போர்டு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"விடு தாயி," என்றார் பேட்டரி மெல்ல. "சூடு உனக்கு ஆகாது. விடும்மா."

அவள் விட்டாள்.

எலுமிச்சைச் சாறும் பழைய பிரஷ்ஷும் கொண்டு சவரிமுத்து களிம்பைத் தேய்த்தெடுத்தார். அறுந்திருந்த இரண்டு கோடுகளை மெல்லிய கம்பியால் இணைத்தார். காசு போல வட்டமாக ஒரு புது பேட்டரியைப் பொருத்தினார். பெட்டி ஓடியது.

புது பேட்டரி மெதுவாகக் கேட்டது: "எனக்கு முன்னாடி இருந்தவரு ரொம்ப மோசமாமே? கடைசியில மணியைக்கூடத் தப்பாக் காட்டினாராமே?"

கம்பி ஒட்டிய இடம் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றாள் மதர்போர்டு. "எனக்காகக் காட்டினாரு."