யாரும் குனியவில்லை

"கண்ணை மூடினா சிவன் வரமாட்டேங்கான், அம்மா. அந்தப் பக்கீர் மைதீன் மூஞ்சிதான் வருது."

மூன்று வருஷமாக ஆவுடைநாயகம் சொல்லிவந்த குறை இது. அன்றைக்கும் அதையேதான் சொன்னார். கூடவே புதிதாக ஒன்றையும் சொன்னார்.

"இன்னைக்குக் காலையில செத்துப்போனான்."

மடத்து அம்மாள் குளத்துப் படியில் உட்கார்ந்து பூசைச் செம்புகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பது. அவரிடம் பாடம் கேட்க வந்த ஆவுடைநாயகத்துக்கு அறுபத்திரண்டு. ஊரில் சிலர் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஆவுடைநாயகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனுஷர் காதில் போட்டுக்கொண்டு கழற்ற முடியாமல் திண்டாடியது வேறொன்றை.

பக்கீர் மைதீன் எதிர்க்கடைக்காரர். முப்பது வருஷச் சிநேகிதர். ஆவுடைநாயகத்தின் மகள் வடிவைப் பெண் பார்க்க வந்தவர்கள், வீட்டுக்கு வருமுன் அவர் கடையில் நின்று விசாரித்தார்கள். பெண்ணுக்கு வலிப்பு உண்டு, மருந்து சாப்பிடுகிறாள் என்று அவர் சொல்லிவிட்டார். வந்தவர்கள் வீட்டுப் படியேறாமலே திரும்பிப் போனார்கள். அதற்கப்புறம் எவரும் வரவில்லை.

அன்றோடு பேச்சு முறிந்தது. பதினோரு வருஷமாயிற்று.

"அவர் சொன்னது பொய்யா, அண்ணாச்சி?" என்று கேட்டார் அம்மாள்.

"பொய் இல்ல. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"வடிவு எங்க?"

"அவன் வீட்டுக்குத் துட்டி கேக்கக் காலையிலயே போயிட்டா. ரோஷங்கெட்டவ."

அம்மாள் இன்னொரு செம்பை எடுத்தார்.

"அடக்கம் எப்போ?"

"மத்தியானத் தொழுகை முடிஞ்சதும்."

"போயிட்டு வாங்க."

"பள்ளிவாசலுக்கா? நானா? அங்க போய் நான் என்ன செய்ய? அவங்க கும்பிடுத முறை எனக்குத் தெரியாது."

"ஒண்ணும் செய்ய வேண்டாம். பாருங்க. பார்த்ததை வந்து சொல்லுங்க."

குருவின் பேச்சைத் தட்ட மனசு வரவில்லை. போக மனசு அதைவிட வரவில்லை. நடந்துகொண்டே ஆவுடைநாயகம் ஒரு வழி கண்டுபிடித்தார். பெருநாள் தொழுகையை மைதானத்து ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். எல்லாரும் ஒரே நேரத்தில் குனிவார்கள், நெற்றியைத் தரையில் வைப்பார்கள். அந்தச் சமயத்தில் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடலாம். பார்த்ததாகவும் ஆகும், பக்கீருக்காக நின்றதாகவும் ஆகாது.

பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு வாதாமரம். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் கீழே ஒதுங்கினார்.

பச்சைத் துணி போர்த்திய சந்தூக்குப் பெட்டியை நாலு பேர் தூக்கிவந்து முன்னால் இறக்கினார்கள். அதற்குள்தான் பக்கீர் மைதீன் இருந்தார். ஆட்கள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்றார்கள்.

அவர் மகன் சாகுல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"எங்க வாப்பா தெரிஞ்சோ தெரியாமலோ யார் மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டோம்" என்றது முதல் வரிசை. அடுத்த வரிசையும் சொன்னது. குரல்கள் பின்னால் பின்னால் வந்து வாதாமரத்தடியில் நின்றன.

சாகுலின் கண்ணும் அங்கேதான் வந்து நின்றது.

ஆவுடைநாயகத்துக்கு வாய் திறக்கவில்லை. சொல்லிவிடத்தான் நினைத்தார். தன்னை நினைத்து அவருக்கே அசிங்கமாக இருந்தது.

தொழுகை தொடங்கியது.

"அல்லாஹு அக்பர்."

கையைக் கட்டி நின்றார்கள். நழுவுவதற்கு அவர் ஒரு காலை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

இரண்டாம் முறை குரல் கேட்டது. குனியவில்லை.

மூன்றாம் முறை. அப்போதும் குனியவில்லை.

நான்காம் முறையும் கேட்டது. பிறகு முகத்தைத் திருப்பி ஸலாம் சொன்னார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கடைசிவரை நின்றவர்களில் ஆவுடைநாயகமும் ஒருவராகிப் போனார்.

பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதிலை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். சந்தூக்கு அடக்கம் செய்யும் மையவாடிப் பக்கம் திரும்பியது. அவர் மடத்துப் பக்கம் திரும்பினார்.

அம்மாள் இன்னும் படியில்தான் இருந்தார்.

"என்ன பார்த்தீங்க?"

"என்னால முடியலை, அம்மா. மன்னிச்சிருங்கன்னு அந்தப் பையன் கேட்டான். ஊரே மன்னிச்சோம்னு சொல்லிச்சு. எனக்கு வாய் வரலை."

"அதை நான் கேட்கலை. என்ன பார்த்தீங்க?"

அவர் யோசித்தார்.

"ஒருத்தரும் குனியலை."

"ஏன்?"

"நானும் அதைத்தான் ஒருத்தர்ட்ட கேட்டேன். முன்னால கிடக்குறது மையித்து. தொழுகை ஆண்டவனுக்கு. குனிஞ்சா செத்ததைக் கும்பிட்ட மாதிரி ஆயிரும்னு சொன்னாரு."

அம்மாள் கையிலிருந்த செம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"உங்க பூசையில முன்னால யாரு, அண்ணாச்சி?"

ஆவுடைநாயகம் பதில் சொல்ல வாயெடுத்தார். காலையும் மாலையும் விளக்கேற்றி, விபூதி பூசி, கண்ணை மூடி, பதினோரு வருஷமாகத் தான் யார் முன்னால் உட்கார்ந்திருந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"குழியை மூடியிருப்பாங்களா?" என்று கேட்டார்.

"நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா மூடிருவாங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மனுஷர் அப்படி ஓடி ஊரில் யாரும் பார்த்ததில்லை.

மையவாடியில் பாதிக் குழிக்கு மண் விழுந்திருந்தது. மூச்சிரைக்க வந்து நின்றவரைப் பார்த்து, "வாங்க மாமா" என்று சாகுல் விலகி இடம் விட்டான்.

ஆவுடைநாயகம் இரண்டு கையாலும் மண்ணை அள்ளினார். மன்னித்தேன் என்று சொல்லத்தான் வந்திருந்தார். வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்திருந்தார்.

மண் கையிலிருந்து சரிந்தது.

"என்னை மன்னிச்சிருடே, பக்கீரு" என்றார்.