வாசலில் சிந்திய ஆயில்

பாளையங்கோட்டையில் ஆவுடையப்பன் என்று ஒரு வீட்டுக்காரர். அவருடைய புதுக் காரை எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்த லூர்து, தானே பழுது பார்த்து ஓட்டிய பழைய டீசல் காரைத்தான் தெருவே கொண்டாடியது. பிரசவமோ கல்யாணமோ, "லூர்து, வண்டிய எடு" என்றார்கள். ஆவுடையப்பனுக்கு வயிறு எரிந்தது.

"ஏல, வாசல்ல ஒரு சொட்டு ஆயில் சிந்துச்சோ, வண்டி இங்க நிக்கக் கூடாது!" என்று கட்டளை போட்டார்.

மறுநாள் விடிந்தால் வண்டிக்கு அடியில் குளமாய் ஆயில். ஆவுடையப்பன் தெருவையே கூட்டிவிட்டார்.

லூர்து குனிந்து பார்த்தான். டீசல் வண்டியில் ஓடிய ஆயில் கரியாக இருக்கும். இதுவோ தேன் நிறத்தில் மின்னியது. சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டான்.

"அண்ணாச்சி, அதிசயத்தப் பாத்தீயளா! கரி ஆயிலக் குடிச்சிட்டு என் வண்டி புது ஆயிலாக் கக்குது! நீங்க சொன்னபடி வெளிய கொண்டு போயிருதேன். தினம் அடியில ஒரு வாளி வச்சா ஆயில் கடையே போட்டுரலாம்."

"யோகக்காரன்யா லூர்து!" என்றது கூட்டம்.

அந்த யோகமும் இவனுக்கா? ஆவுடையப்பனுக்கு நெஞ்சு வெந்துவிட்டது.

"எவன் வண்டி கக்குச்சு? அது என் காருக்கு நான் வாங்கி வச்ச ஆயிலுல்லா!"

லூர்து கரித்துணியை எடுத்துப் பணிவாக நீட்டினான்.

"அப்ப நீங்களே தொடச்சிருங்க, அண்ணாச்சி."