கரைக்குள் நின்ற தண்ணீர்

பக்கிரிசாமியின் ஒரே மகன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்துபோனான். காரியங்கள் முடிந்ததும் அவர் வீட்டைப் பூட்டிவிட்டு குரு ஞானாம்பாளின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். குருவைவிட அவருக்கு வயது அதிகம். இருவருமே அதைப் பொருட்படுத்தவில்லை.

மடத்தை ஒட்டி அலையாத்திக் காடு. கடல் ஏறும்போது உப்புத்தண்ணீர் மரங்களுக்குள் வந்து திரும்பும். அந்தச் சதுப்பை வயலாக்கி, மகன் பெயரில் நெல் விளைவித்து, வருகிறவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்றார் பக்கிரிசாமி. குரு வேண்டாம் என்றார். அவர் வெளியூர் போயிருந்த கோடையில், பக்கிரிசாமி ஆள் வைத்து மண்ணடித்துக் கரை போட்டுவிட்டார்.

கடல் வருவது நின்றது. உப்பேறிய மண்ணில் நெல் விளையவில்லை. மழைத்தண்ணீர் உள்ளேயே தேங்கியது. மரங்கள் நின்றபடியே செத்தன. நாற்றம் மடத்துச் சமையற்கட்டுவரை வந்தது.

ஒரு காலை அவர் குருவிடம் கேட்டார்.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன். ஏம்மா இப்படி அழுகுது?"

ஞானாம்பாள் எண்ணெய் ஊற்றும் புனலை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். சேற்றைக் கழியால் கிளறச் சொன்னார். குமிழிகள் பொங்கி வந்தன. புனலைக் கவிழ்த்து அவற்றைப் பிடித்தார். மேல்முனையை விரலால் அடைத்திருந்தார். பக்கிரிசாமியைத் தீக்குச்சி உரசச் சொல்லிவிட்டு விரலை எடுத்தார்.

நீலமாக ஒரு சுடர் எழுந்து அணைந்தது.

பக்கிரிசாமி பின்வாங்கினார். தண்ணீரிலிருந்து எப்படி நெருப்பு வரும் என்று கேட்டார்.

மரங்கள் காலங்காலமாகச் சேற்றில் புதைத்து வைத்த இலையும் வேரும்தான் இது என்றார் குரு. உப்புத்தண்ணீர் வந்துபோனவரை அடங்கிக் கிடந்தது. இப்போது அழுகி ஆவியாக மேலே போகிறது. வெயிலின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிற ஆவி. அந்தச் சூட்டில்தான் கடல்மட்டம் வருஷா வருஷம் ஏறுகிறது.

பக்கிரிசாமி கரையைத் திரும்பிப் பார்த்தார்.

"சோறு போடணும்னு மட்டும் கரை போடலைம்மா," என்றார். "அந்தக் கடல் என் கண்ணுல படக்கூடாதுன்னு போட்டேன்."

"தெரியும்."

"அது ஏறி வர நானே வழி பண்ணிட்டேனா?"

"நீங்களும்தான்."

பக்கிரிசாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். உதவிக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். உள்ளங்கை கிழிந்து கைப்பிடி சிவந்தது. சாயங்காலம் கடல் ஏறியபோது வெட்டிய வழியே உப்புத்தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மகன் போனபிறகு அவர் அந்தத் தண்ணீரைத் தொட்டதில்லை. இப்போது அதில் முழங்காலளவு நின்றார்.

சுற்றிலும் செத்த மரங்கள். குரு கரைமேல் நின்றிருந்தார்.

"திறந்துட்டேன்மா. இனி எல்லாம் பழையபடி ஆயிடுமா?"

"ஆகாது," என்றார் ஞானாம்பாள். "போனது திரும்பாது. சேத்துலேருந்து இன்னும் போய்க்கிட்டிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமா நிக்கும்."