புதுக் காருக்கு நிழல்

நகைக்கடைத் தணிகாசலத்துக்கு ஒரே எரிச்சல். தெருவோரத் தூங்குமூஞ்சி மரம் அவர் கடைப் பலகையை மறைத்தது. அனுமதியில்லாமல் வெட்டவும் முடியாது; நகராட்சிக்கு மனுக் கொடுத்தார்.

"பூராவும் நோய். இன்னைக்கோ நாளைக்கோ விழுந்துடும்" என்று பார்வையிட வந்த அதிகாரியம்மாவிடம் அடித்துச் சொன்னார். மரமேறும் சூசையைத் தனியே இழுத்தார். "ஏறிப் பார்த்துட்டு ஆமான்னு சொல்லு. இல்லேன்னா இந்த ஊர்ல உனக்கு வேலை கிடையாது."

சூசை ஏறினான். மரம் கல்லாட்டம் இருந்தது. கீழே, அதன் நிழலில் தணிகாசலத்தின் புதுக் கார்.

"ஆமாங்கய்யா!" என்று கத்தினான். "இப்பவே விழுந்துடும்! முதல்ல காரை எடுத்து வெயில்ல விடுங்க!"

"வெயில்லயா? பெயின்ட் என்னத்துக்கு ஆகும்?" தணிகாசலம் சீறினார். "மரமாவது, விழறதாவது! நூறு வருஷமானாலும் அசையாதுடா!"

அதிகாரியம்மா பேனாவை மூடினார்.

"அப்போ நூறு வருஷம் கழிச்சு மனுக் கொடுங்க."