மைனா மடித்துச் சொன்ன வழி

ஒரு காட்டில், குழந்தைகளே, வழி கேட்டால் ஒரு காலைப்பொழுது முழுக்க வழி சொன்ன காலம் ஒன்று இருந்தது.

கோடையில் அந்தக் காட்டுக் குட்டைகள் வற்றிப்போகும். ஒவ்வொரு வருடமும் ஊற்று இடம் மாறும். எங்கே தோண்டினால் தண்ணீர் வரும் என்பது பெரியம்மா யானைக்கு மட்டும்தான் தெரியும். காடு மொத்தமும் அவள் தலைக்குள் இருந்தது. அதற்காகப் புதர் புதராகப் போய் அவளே சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் கீரவாணி என்ற மைனாவிடம் சொல்லிவிடுவாள். கீரவாணி மருத மரத்தில் உட்கார்ந்து, கேட்க வருகிறவர்களுக்கு ஒப்பிப்பாள்.

"மூங்கில் புதர், சரிவு, மொட்டைப் பாறை, இடப்பக்கம் திரும்பு. மறுபடி மூங்கில் புதர், சரிவு, மொட்டைப் பாறை, இடப்பக்கம் திரும்பு. வேங்கை மரம். மறுபடி மூங்கில் புதர்..."

கோம்பன் என்ற காட்டுப்பன்றிக்கு இதைக் கேட்பதென்றால் உயிர். மற்ற நேரமெல்லாம் வீம்பு பிடித்து அலைகிறவன், அந்த நேரத்தில் மட்டும் மரத்தடியில் கால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வான். வேங்கை மரம் என்று மைனா சொன்னதும் அவன் மூக்கில் பூ வாசம் அடிக்கும். பாறை என்றால் வயிற்றுக்கடியில் சுடும். ஊற்றுக்குப் போவதற்கு முன்பே போய்வந்த மாதிரி இருக்கும்.

அவனுக்குச் சுகம்தான். பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு? ஒரு கோடையில் தன் முறை வருவதற்குள் ஒரு முயல் தாகத்தில் சுருண்டு விழுந்துவிட்டது.

பெரியம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "கீரவாணி, ஒரே வழித்துண்டு திரும்பத் திரும்ப வருகிறதே, அதை ஏன் ஒவ்வொரு தடவையும் நீட்டி முழக்குகிறாய்? அந்தத் துண்டுக்கு ஒரு சீழ்க்கை வை. சீழ்க்கை கேட்ட இடத்தில் அவரவர் மனசுக்குள் விரித்துக்கொள்ளட்டும். மடிப்பதில் ஒரு புதர்கூடக் குறையக் கூடாது. ஆனால், விரிக்கத் தெரியுமா என்று முதலில் கேள். தெரியாது என்றால் முழுசாகவே சொல். முகம் சுளிக்காதே."

மழைக்காலம் முழுக்கக் கீரவாணி கற்றுக்கொடுத்தாள். நீளச் சீழ்க்கை என்றால் இந்தத் துண்டு, குட்டைச் சீழ்க்கை என்றால் அந்தத் துண்டு. எல்லோரும் வந்தார்கள். கோம்பன் போகவில்லை.

"வழியை மடிக்கிறாளாம், வழியை! அது என்ன சாப்பிட்ட இலையா மடிக்கிறதுக்கு?" என்று சேற்றில் புரண்டு படுத்துக்கொண்டான்.

கோடை வந்தது. அவர்கள் குட்டை வெடித்துப் பிளந்தது. கோம்பனின் மனைவி சேத்தாயி, குட்டிகளை நிழலில் ஒதுக்கிவிட்டு அவனை விரட்டினாள். "ஏங்க, கடைசிக் குட்டிக்கு நாக்கு ஒட்டிப்போச்சு. போய் வழி கேட்டுட்டு வாங்க."

மருத மரத்தடியில் வரிசை நின்றது. கோம்பனின் முறை வந்தது.

"விரிக்கத் தெரியுமா? மடித்துச் சொல்லட்டுமா, முழுசாகச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் கீரவாணி.

முழுசாக என்றுதான் கோம்பனுக்கு வாய்வரை வந்தது. அதற்குள் பின்னால் நின்ற மயில் தோகையைச் சிலுப்பினான். "என்ன அண்ணாச்சி, யோசனை பலமா இருக்கு? முழுசாக் கேக்கிற பழைய கர்நாடகம் இன்னும் இந்தக் காட்டில் இருக்கா என்ன?"

வரிசையே சிரித்தது.

"யாருக்குத் தெரியாது? மடித்தே சொல்லு!" என்றான் கோம்பன்.

"இது மடித்த வழி" என்று முறைப்படி அறிவித்துவிட்டு ஆரம்பித்தாள் கீரவாணி. கொஞ்சம் வார்த்தை, ஒரு சீழ்க்கை. வேங்கை மரம், இரண்டு சீழ்க்கை. காய்ந்த ஓடை, மறுபடி சீழ்க்கை. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

'பாவம், வயசாகிவிட்டது. தொண்டை கட்டிக்கொண்டு நடுநடுவே விசிலடிக்கிறது' என்று நினைத்துக்கொண்டான் கோம்பன். வார்த்தைகளை மட்டும் மனசில் போட்டுக்கொண்டு போய், சேத்தாயியையும் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

வேங்கை மரம் வந்தது. காய்ந்த ஓடையும் வந்தது. அதற்குப் பிறகு முள்ளும் வெள்ளைப் பாறையும்தான் வந்தன. ஊற்றைக் காணோம். வெயில் உச்சிக்கு ஏறியது. கடைசிக் குட்டி நடந்தபடியே முன்னங்கால் மடங்கி விழுந்தது.

சேத்தாயி அதை முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "அந்த மைனா சொன்னதை அப்படியே சொல்லுங்க."

கோம்பன் சொன்னான்.

"இவ்வளவுதானா? இதுக்குக் குட்டி முள்ளம்பன்றிகூட வழி கேக்காதே! நடுவில் வேற எதுவுமே சொல்லலையா?"

"சொல்லலை. சும்மா சீழ்க்கை அடிச்சா."

"எத்தனை தடவை?"

"எண்ணலையே. வழி நெடுக அடிச்சா."

"சீழ்க்கையிலதாங்க வழியே இருக்கு! மழைக்காலத்துல ஊரே போய் அதைத்தானே கத்துக்கிச்சு? விரிக்கத் தெரியுமான்னு அவ கேக்கலையா?"

"கேட்டா."

"நீங்க?"

"யாருக்குத் தெரியாதுன்னுட்டேன்."

சேத்தாயி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. விழுந்த குட்டியின் மேல் தன் நிழல் படும்படி நகர்ந்து நின்றாள். "ஓடுங்க" என்றாள்.

ஓடினான். மருத மரத்தடிக்கு வந்தபோது வரிசை இன்னும் நின்றுகொண்டிருந்தது; மயிலும் மற்றவர்களை முன்னே விட்டுவிட்டு இன்னும் அங்கேயே நின்றான். இவ்வளவு பேர் முன்னாலா சொல்வது என்று ஒரு கணம் கால் தயங்கியது. குட்டியின் காய்ந்த நாக்கு ஞாபகம் வந்தது.

"கீரவாணி! எனக்கு விரிக்கத் தெரியாது. காலையில் பொய் சொன்னேன். முழுசாகச் சொல்லு."

"இந்த வார்த்தை காலையிலேயே வாயில் வரலையா?" என்று சுள்ளென்று கேட்டாள் கீரவாணி. "நீ கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? நான் மடித்துக் கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை. வாங்கினவனுக்கு விரிக்கத் தெரியும் என்று நம்பினேன், அதுதான் குறை."

பிறகு, பெரியம்மா சொன்னபடி முகம் சுளிக்காமல் ஆரம்பித்தாள். "மூங்கில் புதர், சரிவு, மொட்டைப் பாறை, இடப்பக்கம் திரும்பு. மறுபடி மூங்கில் புதர்..."

எத்தனை நாளாகிவிட்டது இதைக் கேட்டு! ஆனால் இந்தத் தடவை கோம்பன் படுக்கவில்லை, கண்ணை மூடவில்லை. வேங்கை மரம் வந்தபோது அவனுக்குப் பூ வாசம் அடிக்கவில்லை. பழைய காலைகளில் தான் சொக்கிக் கிடந்தபோது, பின்னால் நின்றவர்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் எத்தனை நீளமாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. மயில் மட்டும் கழுத்தை நீட்டி, ஒரு வார்த்தை விடாமல் தானும் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத்தான் விரிக்கத் தெரியுமே?" என்றாள் கீரவாணி.

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டான். "அது... சும்மா, ஒரு ஞாபகத்துக்கு."

பொழுது சாய்ந்து இருட்டிய பிறகுதான் கோம்பன் குடும்பம் ஊற்றைக் கண்டுபிடித்தது. அதற்குள் ஊர் மொத்தமும் குடித்துவிட்டுப் போயிருந்தது. அடியில் கலங்கலாகக் கொஞ்சம்தான் மிச்சம். கடைசிக் குட்டியை முதுகிலிருந்து இறக்கி, அதன் மூக்கைத் தண்ணீரில் வைத்தான் கோம்பன். முதலில் அசைவில்லை. பிறகு ஒரு குமிழி வந்தது. பிறகு சளப் சளப்பென்று சத்தம் கேட்டது.

"சேத்தாயி, அந்தக் காலத்தில் இதே வழியை எவ்வளவு அழகாக..." என்று ஆரம்பித்தான் அவன்.

"முதல்ல பிள்ளைங்க குடிச்சு முடிக்கட்டும்" என்றாள் சேத்தாயி.

நீதி: தெரியாததைத் தெரியும் என்று சொல்லி வாங்கினால், சரியாகக் கொடுத்ததும் தப்பாகத்தான் வந்து சேரும்.